ஊர் பெயரே முத்திரை! பிரான்ஸின் சின்னஞ்சிறு ஒயின் கிராமங்கள் நமக்குச் சொல்லும் பாடம்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் பக்கம், சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது திருவாமாத்தூர். தேவாரம் பாடிய மூவரும் பாடிய அபிராமேசுவரர் கோயில் கொண்ட ஊர். இந்த ஊரின் மேல் கலம்பகம் பாடியவர்கள் இரட்டைப் புலவர்கள். ஒருவருக்குப் பார்வை இல்லை. மற்றவரால் நடக்க முடியாது. கோயில் பம்பை ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதைப் பாட்டில் மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று அரங்கேற்றத்தில் ஆட்சேபம் எழுந்ததாம். அன்றிரவு பெருமழை பெய்து, ஆறே தடம் மாறி ஓடி, பாட்டுக்கு ஏற்றபடி கோயிலை மறுகரைக்குக் கொண்டுவந்துவிட்டது என்பது இன்றும் சொல்லப்படும் கதை.

கதையை நம்புவதும் நம்பாததும் நம் விருப்பம். ஆனால், ஊர் ஆற்றின் இந்தக் கரையா, அந்தக் கரையா என்பதற்காக ஒரு சபையே பாட்டை நிறுத்திச் சண்டை போட்டிருக்கிறது. அதே சண்டையைப் பல ஆண்டுகள் நடத்தி, அதைச் சட்டமாகவே ஆக்கிய நாடு ஒன்று உண்டு. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் புதுச்சேரியை 1954 வரை ஆண்ட பிரான்ஸ்தான் அது. அவர்கள் சண்டை போட்டது திராட்சைக்காக. அதிலிருந்து வரும் ஒயினுக்காக.

ஒயின் என்றதும் நம் ஊரில் முகம் சுளிப்பது இயல்பு. நம்மூர் 'ஒயின் ஷாப்'பில் ஒயின் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் எத்தனை வீடுகளை இருட்டாக்கியது என்பதை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எந்த மதுவும் உடலுக்கு நல்லதல்ல. இந்தக் கட்டுரை குடிப்பதைப் பற்றியதும் அல்ல. விளைபொருளின் மேல் ஓர் ஊரின் பெயரைப் போட்டால், அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம், அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதைப் பற்றியது. பலாவும் உப்பும் மண்பொம்மையும் விற்கிற நமக்கும் இந்தக் கேள்வி நெருக்கமானதுதான்.

சர்க்கரைத் தண்ணீரும் ஒரு கலகமும்

19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபில்லாக்ஸெரா என்ற சிறு பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து, பிரான்ஸின் திராட்சைக் கொடிகளை வேரோடு தின்றது. கடைசியில், பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் தோட்டங்களை மீட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் திராட்சை இல்லை. ஆனால், சந்தையில் ஒயினுக்குக் குறைவில்லை! உலர்திராட்சையை ஊறவைத்தும், சக்கையில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியும் 'ஒயின்' தயாரித்தார்கள். பேர்பெற்ற ஊர்களின் பெயரை, எங்கோ தயாரான சரக்கின் மேல் ஒட்டினார்கள்.

தோட்டங்கள் மீண்டு, நிஜமான விளைச்சல் சந்தைக்கு வந்தபோது விலை அடிமட்டத்தில் கிடந்தது. 1907-ல் தெற்கு பிரான்ஸின் லாங்டாக் பகுதி விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். மார்செலின் ஆல்பெர் என்ற கிராமத்துக்காரர் முன்னால் நின்றார். ஜூன் 9 அன்று மோன்பெலியே நகரில் திரண்ட கூட்டம் ஐந்து லட்சத்துக்கும் மேல் என்று கணிக்கிறார்கள். நார்போன் நகரில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. அதன் பிறகுதான் கலப்படத்துக்கு எதிரான சட்டங்களை அரசு இறுக்கியது.

கலப்படத்தைத் தடுத்தால் போதுமா? ஊர் பெயரைத் திருடுவதை யார் தடுப்பது? இதற்கு வழி காட்டியது ரோன் ஆற்றங்கரையில் உள்ள ஷாத்தோநெஃப் து பாப் என்ற ஊர். அங்கே திராட்சைத் தோட்டம் வைத்திருந்த வழக்கறிஞர், முதல் உலகப்போரில் விமானம் ஓட்டிய பாரன் லெ ருவா. 1923-ல் ஊர்க்காரர்களைக் கூட்டி, எங்கள் ஊர்ப் பெயரைப் போட வேண்டுமானால் இன்னின்ன விதிகள் என்று எழுத வைத்தார். காட்டுத் துளசியைப் போல மணக்கும் தைம் செடியும் லாவெண்டரும் விளையும் காய்ந்த நிலத்தில் வளர்ந்த திராட்சைதான் சேரும். குறிப்பிட்ட வகைகள் மட்டும்தான் சேரும். பறித்ததில் ஒரு பங்கைத் தரமில்லை என்று கழித்தே ஆக வேண்டும். ஆக, முதல் கட்டுப்பாட்டைத் திருடர்களுக்குப் போடாமல் தங்களுக்கே போட்டுக்கொண்டார்கள்.

1935 ஜூலையில் இது நாட்டுக்கே சட்டமானது. 'கட்டுப்படுத்தப்பட்ட தோற்றப் பெயர்' என்ற முறை பிறந்தது. 1936 மே 15 அன்று முதல் பட்டியல் வந்தது. இன்று பிரான்ஸில் ஒயினுக்கு மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்கள் இப்படிக் காக்கப்படுகின்றன. ஷாம்பெயின், போர்தோ, பர்கண்டி ஆகிய பெயர்களை உலகம் அறியும். ஆனால், நமக்குப் பாடம் இருப்பது பெயர் தெரியாத சின்ன ஊர்களில்தான்.

'இந்த வருடம் இல்லை' என்று சொன்ன மலையூர்

சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜூரா மலைப்பகுதியில் அர்புவா என்று ஓர் ஊர். 1936-ன் முதல் பட்டியலிலேயே இடம்பிடித்தது. நுண்ணுயிர்களைப் பற்றி உலகத்துக்குப் பாடம் நடத்திய லூயி பாஸ்டர் வளர்ந்த ஊர் இது. இங்கே சொந்தமாகத் திராட்சைத் தோட்டம் வைத்து நொதித்தலை ஆராய்ந்தார் அவர்.

அதே ஜூராவில், ஒரு பாறை உச்சியில் உட்கார்ந்திருக்கிறது ஷாத்தோ ஷாலோன். மொத்தத் தோட்டமே சுமார் 125 ஏக்கர்தான். 'மஞ்சள் ஒயின்' என்ற ஒரே ஒரு வகைக்குத்தான் இந்தப் பெயரைப் போடலாம். சவான்யான் என்ற வெள்ளைத் திராட்சையைத் தாமதமாகப் பறித்து, நொதித்த சாற்றை மரப்பீப்பாயில் ஊற்றி, ஆறு ஆண்டுகளுக்கு மேல் விட்டுவிடுகிறார்கள். வேறு ஊர்களில் பீப்பாயில் குறையக் குறைய ஊற்றி நிரப்புவார்கள். இங்கே நிரப்பக் கூடாது. மேலே ஈஸ்ட் ஒரு மெல்லிய ஆடையாகப் படர்கிறது, பாலின் மேல் ஏடு கட்டுவதுபோல. ஒரு லிட்டர் ஊற்றினால் கடைசியில் மிஞ்சுவது 620 மில்லிதான் என்பது அவர்கள் கணக்கு. அதனால் இதற்கென்றே 620 மில்லி கொள்ளும் குட்டைப் புட்டி வைத்திருக்கிறார்கள்.

இதன் வாசனையில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று இருக்கிறது: வெந்தயம்! வறுத்த வெந்தயத்துக்கு மணம் தருவது சோட்டோலான் என்ற வேதிப்பொருள். அதே பொருள் மஞ்சள் ஒயினிலும் ஆறு ஆண்டுகளில் உருவாகிறது.

ஆனால், இந்த ஊரின் உண்மையான பெருமை வேறு. அறுவடைக்கு முன் ஒரு குழு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பழத்தைப் பார்க்கும். 1974, 1980, 1984, 2001 ஆகிய நான்கு ஆண்டுகளில் பழம் தேறவில்லை. ஊர் முழுவதுமே அந்த ஆண்டுகளில் 'ஷாத்தோ ஷாலோன்' என்ற பெயரைப் போடாமல் விட்டுவிட்டது. பழத்தை வீணாக்கவில்லை; ஜூரா வட்டாரத்தின் பொதுப் பெயரில், குறைந்த விலைக்கு விற்றார்கள். ஒரு விவசாயிக்கு ஒரு பட்டத்தின் வருமானம் குறைவது என்றால் என்ன என்று மழைக்கும் புயலுக்கும் நெல்லைப் பறிகொடுத்த நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த நான்கு ஆண்டுகள்தான் மற்ற ஆண்டுகளின் விலையைத் தாங்கிப் பிடிக்கின்றன.

வெயிலில் காயும் பன்யுல்ஸ், ஒரே நிறத்துத் தவேல்

ஸ்பெயின் எல்லையில், மலை நேராகக் கடலில் இறங்கும் இடத்தில் இருக்கிறது பன்யுல்ஸ். மொத்தம் நான்கே ஊர்களின் நிலம்தான் இந்தப் பெயருக்குள் வரும். கருங்கற்பலகை போன்ற மண். கற்களை அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்கள். மழை பெய்தால் மண் அரிக்காமல் இருக்கக் கல்லில் வாய்க்கால்கள். பெரும்பாலான இடங்களில் இயந்திரம் ஏறாது. எல்லாமே கைவேலை. விளைச்சலும் மிகக் குறைவு. நொதித்துக்கொண்டிருக்கும் சாற்றில் திராட்சை ஆல்கஹாலைச் சேர்த்து நொதித்தலைப் பாதியிலேயே நிறுத்துவதால், பழத்தின் இனிப்பு தங்கிவிடுகிறது. சிலர் அதைக் கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி, நம் வீட்டு மாடியில் ஊறுகாய் ஜாடியை வைப்பதுபோல வெயிலிலேயே வைத்துப் பதப்படுத்துகிறார்கள்.

ரோன் ஆற்றின் மேற்குப் பக்கம் உள்ள தவேல் ஊருக்கு வேறொரு பிடிவாதம். இளஞ்சிவப்பு ஒயின் தவிர வேறு எதற்கும் ஊர்ப் பெயரைப் போட முடியாது. அதே தோட்டத்தில் நல்ல சிவப்பு ஒயின் செய்தாலும் அதன் மேல் 'தவேல்' என்று எழுதக் கூடாது.

இன்னும் சிறியது ஷாத்தோ கிரியே. ரோன் பள்ளத்தாக்கில் ஒரு மலைச்சரிவு, மொத்தம் ஒன்பது ஏக்கருக்குள், ஒரே உரிமையாளர். அந்த ஒன்பது ஏக்கருக்கென்று தனிப் பெயர், தனிச் சட்டம். பைரனீஸ் மலையில் பாஸ்க் மொழி பேசும் மக்களின் இரூலேகியும் சில நூறு ஏக்கர்தான். சிறியதாக இருப்பதால் ஒரு பெயருக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று பிரெஞ்சுச் சட்டம் சொல்வதில்லை.

கொடி ஊர் மாறும், மண் மாறாது

தென்மேற்கு பிரான்ஸில் காவோர் என்ற ஊர் உண்டு. மால்பெக் திராட்சையில் செய்யும் அதன் அடர்த்தியான ஒயினை முன்காலத்தில் 'கறுப்பு ஒயின்' என்றே அழைத்தார்கள். 1956-ன் கடும் பனி அங்கே தோட்டங்களை அழித்தது. மீண்டு வந்து 1971-ல் பெயர்ப் பாதுகாப்பு பெற்றது. ஆனால், இதற்கெல்லாம் வெகு முன்பே, 1853-ல், மிஷெல் பூஷே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞர் மால்பெக் கொடியை அர்ஜென்டினாவுக்குக் கொண்டு போயிருந்தார். இன்று உலகில் மால்பெக் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது அர்ஜென்டினாதான்!

யாரும் எதையும் திருடவில்லை. கொடியை எங்கும் நடலாம்; அது இயற்கையின் உரிமை. 'காவோர்' என்ற பெயரை மட்டும் அர்ஜென்டினாவில் யாரும் எழுத முடியாது. மண், மலை, காற்று, தண்ணீர், அங்கே வாழ்கிறவர்களின் பழக்கம் எல்லாம் சேர்ந்த ஒன்றை பிரெஞ்சுக்காரர்கள் 'டெர்வார்' என்கிறார்கள். நிலத்தையும் பொழுதையும் தொழிலையும் உணவையும் ஒன்றாகவே பார்த்துக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று பிரித்த தமிழுக்கு இது புதிதல்ல. 'மண்வாகு' என்றாலே நம் விவசாயிக்குப் புரியும்.

பன்னீர் திராட்சையின் பிரெஞ்சு உறவு

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் கறுப்புப் பன்னீர் திராட்சையைச் சாப்பிடாதவர்கள் நம்மில் குறைவு. விதையோடு, லேசான ரோஜா மணத்தோடு, விழுப்புரம் பேருந்து நிலையத் தள்ளுவண்டியிலும் கிடைக்கும் அதே பழம்தான். ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதை அந்தப் பகுதிக்குக் கொண்டுவந்தார் என்று அங்கே சொல்லப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து மண்ணும், முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரும், கடும் குளிர் இல்லாத பருவமும் சேர்ந்து, ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்க வைக்கின்றன. வடக்கே மகாராஷ்டிரத்தில் இது நடக்காது. 2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இதன் தாவரவியல் பெயர்வழி மஸ்கட் ஹாம்பர்க். மரபணு ஆய்வின்படி, இதைப் பெற்றவற்றில் ஒன்று அலெக்ஸாண்ட்ரியா மஸ்கட். தெற்கு பிரான்ஸின் ரிவ்சால்ட் என்ற, அதிகம் அறியப்படாத ஊரின் இனிப்பு ஒயின் இந்த அலெக்ஸாண்ட்ரியா மஸ்கட்டிலிருந்தும் அதன் உறவுக்காரத் திராட்சையிலிருந்தும்தான் வருகிறது. கம்பத்துப் பழமும் ரிவ்சால்ட் ஒயினும் ஒரே குடும்பம்!

இதைவிட நெருக்கமான சொந்தம் ஒன்றும் உண்டு. தென்கிழக்கு பிரான்ஸில் வான்டூ மலையடிவாரத்தில் இதே மஸ்கட் ஹாம்பர்க் விளைகிறது. ஒயினுக்கு அல்ல, கம்பத்தைப் போலவே அப்படியே சாப்பிடுவதற்கு. 'வான்டூ மஸ்கட்' என்ற பெயரில் அதற்கும் பாதுகாப்பு உண்டு. அங்கே ஒவ்வொரு குலையையும் கையில் எடுத்து, சிறு கத்தரியால் அடிபட்ட, பழுக்காத மணிகளை வெட்டி நீக்கிய பிறகுதான் பெட்டியில் வைக்கிறார்கள். இனிப்பின் அளவுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். அது தேறாத குலைக்கு ஊர்ப் பெயர் கிடையாது. சாதாரணத் திராட்சையாகப் போக வேண்டியதுதான்.

ஒரே திராட்சை, இரண்டு மலையடிவாரம், இரண்டு ஊர்ப் பெயர்கள், இரண்டுக்கும் சட்டப் பாதுகாப்பு. பெயர் வாங்குவதில் கம்பம் வான்டூவுக்குச் சமமாகிவிட்டது. தேறாத குலையை ஒதுக்கினால், தேறிய குலைக்குக் கூடுதல் விலை கிடைக்க வேண்டும். அது கிடைக்காதவரை, கத்தரியை எடுக்கச் சொல்லி எந்த விவசாயியையும் நாம் கேட்க முடியாது. அடுத்த வேலை இங்கேதான் இருக்கிறது.

ஒயினுக்கு ஒரு நீதி, மற்றதற்கு ஒரு நீதி

இந்தியாவில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்குமான பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது. முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. மகாராஷ்டிரத்தின் 'நாசிக் பள்ளத்தாக்கு ஒயி'னும் பட்டியலில் உண்டு. தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் பட்டு தொடங்கி, பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு வரை பட்டியல் நீள்கிறது.

ஆனால், உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தில் ஓர் ஓரவஞ்சனை இருக்கிறது. அதன் 23-வது பிரிவு ஒயினுக்கும் சாராய வகைகளுக்கும் மட்டும் கூடுதல் பாதுகாப்பு தருகிறது. 'பன்யுல்ஸ் பாணி', 'பன்யுல்ஸ் வகை' என்றுகூட வேறு நாட்டில் எழுத முடியாது. மற்ற பொருள்களுக்கு 22-வது பிரிவுதான். வாங்குபவர் ஏமாறுகிறார் என்று நிரூபித்தால்தான் வழக்கு நிற்கும். பட்டுக்கும் தேயிலைக்கும் அரிசிக்கும் அதே கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று இந்தியா உட்பட பல நாடுகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. இன்னும் கிடைக்கவில்லை.

மல்லாட்டையும் திருக்கனூர் பொம்மையும்

ஊர்ப் பெயருக்குக் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கான பதில் நம் வட்டாரத்தின் வாயிலேயே இருக்கிறது. விழுப்புரம், கடலூர்ப் பக்கம் வேர்க்கடலையை என்னவென்று சொல்கிறோம்? மல்லாட்டை. 'மணிலாக்கொட்டை'தான் பேச்சில் தேய்ந்து மல்லாட்டையானது. பிலிப்பைன்ஸின் மணிலா என்ற ஊர் அந்தச் சொல்லுக்குள் புதைந்து கிடக்கிறது. சொல்லுகிற யாருக்கும் அது நினைவில்லை. ஓர் ஊரின் பெயர் ஒரு பண்டத்தின் பொதுப் பெயராகிவிட்டால், பிறகு அது யாருக்கும் சொந்தமில்லை. அமெரிக்காவில் எந்தச் சிவப்பு ஒயினையும் 'பர்கண்டி' என்று விற்ற காலம் ஒன்று இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பயந்தது இதற்குத்தான்.

நம் மாவட்ட எல்லையை ஒட்டி, புதுச்சேரியைச் சேர்ந்த திருக்கனூரின் காகிதக்கூழ் பொம்மைகளுக்கும் வில்லியனூரின் சுடுமண் வேலைப்பாட்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொம்மை வாங்கும் எத்தனை பேர், 'இது திருக்கனூரா?' என்று கேட்கிறார்கள்? பக்கத்தில் மரக்காணத்தின் உப்பளங்கள் இருக்கின்றன. வெயிலில் நின்று வாரிய உப்பு, பொட்டலத்துக்குள் போனதும் ஊரை இழந்துவிடுகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் குவித்து விற்கும் எல்லாப் பலாவும் 'பண்ருட்டிப் பலா'தான். உண்மையான பண்ருட்டி விவசாயிக்கு அந்தப் பெயரால் ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

பிரெஞ்சுக் கிராமங்கள் செய்தவை நம்மால் முடியாதவை அல்ல. எந்தெந்த ஊர், எந்தெந்த நிலம் என்று எல்லை போட்டார்கள். பாட்டன் காலத்திலிருந்து வரும் செய்முறையை எழுதி வைத்தார்கள். ஊர்க்காரர்களே உட்கார்ந்து தரம் பார்க்கும் குழுவை அமைத்தார்கள். தேறாததற்கு ஊர்ப் பெயர் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்குச் சட்டம் வந்தது 1935-ல். ஷாத்தோநெஃப் ஊர்க்காரர்கள் விதிகளை எழுதியது 1923-ல். அரசாணைக்காக அவர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்கவில்லை. ஓர் உழவர் உற்பத்தியாளர் குழுவோ, கைவினைஞர் சங்கமோ இந்த வேலையை இன்றே தொடங்க முடியும்.

குறியீடு வாங்குவதோடு வேலை முடிவதும் இல்லை. பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். சங்கத்தின் பெயரில் பதிவு இருந்தாலும், அதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிவுசெய்துகொள்வதுதான் பாதுகாப்பு. இதைச் செய்யாத விவசாயியும் கைவினைஞரும் அவரவர் மாவட்டத் தோட்டக்கலை அலுவலகத்திலோ, மாவட்டத் தொழில் மையத்திலோ விசாரிக்கலாம்.

வாங்குகிற நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை திராட்சையோ, பலாவோ, பொம்மையோ வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன், 'எந்த ஊர்?' என்று கேளுங்கள். சரியான பதில் சொல்கிறவருக்கு ஐந்து ரூபாய் சேர்த்துக் கொடுங்கள். நாலு பேர் கேட்டால், ஐந்தாவது ஆள் கேட்பதற்குள் வியாபாரி பெட்டியின் மேல் ஊர்ப் பெயரை எழுதிவிடுவார்.